நீரோட்டம் பார்க்கும் சேவை: செட்டிநாட்டு மனைக்கும் ராமேஸ்வரத் தீவு மனைக்கும் ஒரு மதிப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் போர் (ஆழ்துளைக் கிணறு) போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்க யாரையாவது கூப்பிடுவது வழக்கம். குச்சி, தேங்காய் வைத்துப் பார்ப்பவர்கள் ஒரு வகை. நான்கு கம்பி, ஒயர் சுருள், மீட்டருடன் வந்து மின்தடை சர்வே செய்பவர்கள் இரண்டாவது வகை. சின்னக் கருவியைத் தரையில் வைத்து, மொபைல் திரையில் நீலமும் சிவப்புமாகப் படம் காட்டுபவர்கள் இப்போது புதிதாக வந்திருக்கும் மூன்றாவது வகை. இங்கே மதிப்பிடுவது இரண்டாவது வகையை. காரணம் எளிது. வாடிக்கையாளர் கையில் எண்கள் வந்து சேருவதும், அந்த எண்களை வேறொருவரிடம் காட்டிச் சரிபார்க்க முடிவதும் இதில் மட்டும்தான். திரையில் தெரியும் படத்தில் நீலம் எந்த அளவைக் குறிக்கிறது என்று கேட்டால் பதில் வராத வரை, அந்தப் படத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மின்தடை சர்வே கொடுக்கும் காசுக்குத் தகுதியான சேவைதான். ஆனால் இங்கே பெரும்பாலும் விற்கப்படுவது அதில் பாதி. மனையில் ஒரு புள்ளியைக் குறித்துச் சுண்ணாம்பு போட்டுவிட்டு, “இங்கே போடுங்கண்ணே, ரெண்டு இஞ்ச் தண்ணி நிச்சயம்” என்று கிளம்பிவிடுகிறார்கள். நாம் வாங்க வேண்டிய மீதிப் பாதி, அடியில் எந்த ஆழத்தில் என்ன அடுக்கு இருக்கிறது, தண்ணீர் நல்லதா உப்பா, நாளைக்கு எத்தனை லிட்டர் எடுத்தால் அது கெடாமல் இருக்கும் என்பது. செட்டிநாட்டில் அது இல்லாமல் போனால் ஒரு போரின் செலவு வீணாகும். விடுதி கட்டவும், பழைய மடத்தைப் புதுப்பிக்கவும் நம் ஊர்க்காரர்கள் பலர் இடம் வைத்திருக்கும் ராமேஸ்வரத்தில் அது இல்லாமல் போனால் பக்கத்து வீட்டுக் கிணறும் சேர்ந்து உப்பாகும்.

களத்தில் என்ன நடக்க வேண்டும்

தரையில் நேர்கோட்டில் நான்கு இரும்புக் கம்பிகள் அடிக்கப்படும். வெளிப்புறக் கம்பிகள் இரண்டின் வழியே மின்சாரம் செலுத்தி, உள்பக்கக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே எத்தனை மில்லிவோல்ட் என்று அளப்பார்கள். வெளிக்கம்பிகளை விலக்க விலக்க மின்சாரம் ஆழமாக இறங்கும். ஒவ்வொரு விலக்கத்துக்கும் ஓர் அளவு. அந்த அளவுகளைக் கோடாக வரைந்தால் அடுக்குகளின் தடிமனும் மின்தடையும் கிடைக்கும்.

இங்கேதான் முதல் கோளாறு. வெளிக்கம்பிகளுக்கு இடையே உள்ள மொத்த நீளத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆழம்வரைதான் இந்த அளவு நம்பத்தக்க விதத்தில் எட்டும். 200 மீட்டர் நீளத்துக்கு ஒயர் விரித்தால் ஏறத்தாழ 40 மீட்டர், அதாவது 130 அடி. 300 அடி ஆழத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் நீளம் ஒயர் போக வேண்டும். இரண்டு தெருவைத் தொடும் நம் வீடுகளின் மனையே ஆனாலும் அதற்குள் இது அடங்காது. மனைக்குள் 50 மீட்டர் ஒயரை விரித்துவிட்டு, “நானூறு அடியில் ஒரு ஊற்று, அறுநூறு அடியில் ஒரு ஊற்று” என்று எழுதித் தருகிறவர் அளந்து சொல்லவில்லை. அந்தத் தாளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

வழி இருக்கிறது. செட்டிநாட்டு ஊர்களின் தெருக்கள் நூல் பிடித்தாற்போல நேராகப் போகின்றன. வீட்டுக்குள் இடம் இல்லாவிட்டால் தெருவோரமாகவே கோட்டைப் போடலாம். கானாடுகாத்தான், ஆத்தங்குடி போன்ற ஊர்களில் இது தாராளமாகச் சாத்தியம். ஆனால் தெருவில் புதைத்த இரும்புக் குடிநீர்க் குழாய், டிரான்ஸ்பார்மரின் எர்த் கம்பி, தலைக்கு மேல் போகும் மின்கம்பி ஆகியவை அளவைக் கெடுக்கும். இரும்புக் குழாய்க்கு இணையாகக் கோடு போட்டால் மின்தடை செயற்கையாகக் குறைந்து, இல்லாத தண்ணீர் இருப்பதுபோல் தெரியும். குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று ஊராட்சியில் குழாய் திறக்கும் ஊழியரிடம் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் கோடு போடும் சர்வேயர் வேலை தெரிந்தவர்.

இரண்டாவது கோளாறு நம் மண்ணுக்கே உரியது. காரைக்குடியைச் சுற்றி மேலே கிடப்பது செம்பாறாங்கல். சித்திரை, வைகாசியில் அது காய்ந்து இரும்பாக நிற்கும். கம்பி நான்கு விரல்கூட இறங்காது. கம்பிக்கும் மண்ணுக்கும் தொடர்பு சரியாக இல்லாவிட்டால் மின்சாரம் போகாது, அளவு தாறுமாறாகத் துள்ளும். ஒவ்வொரு கம்பியடியிலும் கடப்பாரையால் குழி எடுத்து, ஒரு குவளை உப்புத்தண்ணீர் ஊற்றி, அது ஊறிய பிறகு அளக்க வேண்டும். கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு முறையாவது அளந்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் எழுத வேண்டும். நல்ல சேவைக்கு அடையாளம் விலையுயர்ந்த மீட்டர் அல்ல. கூட வரும் ஆள் கையில் தண்ணீர் கேன் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கோடு எடுக்க, வேலை ஒழுங்காக நடந்தால், அரை நாள் ஆகும். முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டுப் போனால் ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

எண்களைப் படிப்பது

மின்தடையை ஓம்-மீட்டரில் சொல்வார்கள். களிமண் 1 முதல் 20 வரை. நல்ல தண்ணீர் ஊறிய மணல் பொதுவாக 20 முதல் 100 வரை. சிதைந்த பாறை சில பத்துகளிலிருந்து 150 அளவு. சிதையாத கருங்கல் ஆயிரத்தைத் தாண்டும். உப்புத்தண்ணீர் ஊறிய மணல் 5-க்கும் கீழே.

களிமண்ணும் உப்புநீர் மணலும் ஒரே எண்ணைக் காட்டுகின்றன என்பதைக் கவனியுங்கள். கருவிக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. ஆகவே பக்கத்தில் இருக்கும் கிணறு, போர் இவற்றின் தண்ணீரை அளந்து பார்க்காமல் எழுதும் அறிக்கை அரைகுறைதான். சிவகங்கைப் பக்கம் இன்னொரு பொறி உண்டு. அங்கே மண்ணுக்கடியில் கிராஃபைட் கிடைக்கிறது. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். குறைந்த மின்தடையைப் பார்த்துத் தண்ணீர் என்று தோண்டினால் கரியைப் போன்ற கருப்புத் தூள்தான் மேலே வரும்.

சர்வே செய்கிறவரிடம் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, இந்த மனை பாறையிலா படிவிலா என்பது. பிள்ளையார்பட்டி, பிரான்மலை போல் குன்றுகள் வெளியே தெரியும் மேற்குப் பக்கத்தில் மேல்மண்ணுக்கு அடியில் கடினப் பாறை. காரைக்குடியிலிருந்து தேவகோட்டை நோக்கிக் கிழக்கே போகப் போக மணற்பாறையும் களிமண்ணும் மாறி மாறி வரும் படிவு. காரைக்குடி நகருக்குத் தண்ணீர் கொடுத்துவரும் சம்பை ஊற்றுப் பகுதியின் அருமை இந்த மணற்பாறையால் வந்தது.

பாறையில் இந்தச் சர்வே சிதைந்த அடுக்கின் தடிமனை நன்றாகச் சொல்லும். ஆனால் 300 அடிக்குக் கீழே இருக்கும் ஒரு அடி அகல வெடிப்பைக் காட்டாது. அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு மெல்லியது மீட்டரில் பதியவே பதியாது. படிவில் சர்வே நன்றாக உதவும். ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. முதலில் சின்னத் துளை போட்டு, அதற்குள் மின்பதிவுக் கருவியை (ஆழ வாரியாக மின்தடையை அளப்பது) இறக்கி, மணல் எத்தனை அடியில் தொடங்கி எத்தனை அடியில் முடிகிறது என்று பார்த்து, அந்த இடத்தில் மட்டும் துளைக் குழாய் வைக்க வேண்டும். அதைச் சுற்றிச் சல்லி நிரப்ப வேண்டும். இதைச் செய்யாமல் பாறைக்கான போர் வண்டியைக் கொண்டுவந்து படிவில் இறக்கினால் துளை சரியும், மணல் ஏறும், ஆறு மாதத்தில் மோட்டார் தேய்ந்து நிற்கும். மேலடுக்கில் உவர்ப்பு இருந்து கீழடுக்கு நல்லதாக இருந்தால், கேசிங் குழாய்க்கு வெளியே உள்ள இடைவெளியைச் சிமென்ட் பாலால் அடைத்தே தீர வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் போரே உவர்நீருக்கு வழியாகி நல்ல அடுக்கைக் கெடுத்துவிடும்.

வேளாண் பொறியியல் துறையும் விவசாயிகளுக்கு மின்தடை ஆய்வு செய்துகொடுக்கிறது. தோட்டம், வயல் வைத்திருப்பவர்கள் முதலில் அங்கே விண்ணப்பிப்பது நல்லது. காத்திருக்க வேண்டியிருக்கும். ஆனால் அவர்களுக்கும் போர் வண்டிக்காரருக்கும் இடையே கமிஷன் இல்லை என்பது பெரிய ஆறுதல்.

‘ரெண்டு இஞ்ச்’ என்றால் எவ்வளவு

போர் போட்டு முடித்ததும் வண்டிக்காரர் தகரத்தில் வெட்டிய வி வடிவப் பிளவு வழியாகத் தண்ணீரை விட்டு, எத்தனை இஞ்ச் உயரம் போகிறது என்று காட்டுவார். 90 டிகிரிப் பிளவில் ஒரு இஞ்ச் உயரம் போனால் நிமிடத்துக்குச் சுமார் 8½ லிட்டர். இரண்டு இஞ்ச் என்றால் 48 லிட்டர். மூன்று இஞ்ச் என்றால் 130 லிட்டருக்கு மேல். இஞ்ச் இரட்டிப்பானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் ஏறுகிறது. அரை இஞ்ச் தவறாகப் பார்த்தாலும் கணக்கு தலைகீழாகும். சிலர் சொல்லும் இஞ்ச், குழாயின் விட்டம். எதைச் சொல்கிறார்கள் என்று கேட்டு, லிட்டரில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

அந்த எண்கூட கம்ப்ரஸர் காற்றில் பொங்கிய தண்ணீருக்கு உரியது. நிஜமான வரத்தை அறிய மோட்டார் இறக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். 6½ இஞ்ச் போரில் ஒவ்வொரு மீட்டர் ஆழத்திலும் 21 லிட்டர் தண்ணீர் நிற்கும். 100 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் 2,100 லிட்டர். நிமிடத்துக்கு 60 லிட்டர் எடுக்கும் மோட்டார், துளையில் நிற்கிற இந்தத் தண்ணீரை மட்டுமே 35 நிமிடம் இறைக்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு நல்ல வரத்து என்று கையெழுத்துப் போடுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். குறைந்தது நான்கு மணி நேரம் ஓட்டி, முதல் பத்து நிமிடம் நிமிடத்துக்கு ஒருமுறையும், பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும், கடைசியில் அரை மணிக்கு ஒருமுறையும் நீர்மட்டத்தை அளக்க வேண்டும். நிறுத்திய பிறகு மட்டம் ஏறும் வேகத்தையும் அதே ஒழுங்கில் எழுத வேண்டும். மட்டம் ஒரு இடத்தில் நின்றுவிட்டால் அந்த அளவுக்கு எடுக்கலாம். இறங்கிக்கொண்டே போனால் மோட்டார் பெரிது.

இதற்கு வேண்டிய சின்னச் சாமானை மோட்டார் இறக்கும்போதே வைத்துவிட வேண்டும். டெலிவரி குழாயுடன் சேர்த்துக் கட்டிய முக்கால் இஞ்ச் பி.வி.சி. குழாய், மோட்டாருக்கு ஒரு மீட்டர் மேலே முடிவது. அதன் வழியே அளக்கும் ஒயரை இறக்கினால் சிக்காது. இது இல்லாமல் ஒயரை நேரே போரில் விட்டால் கேபிளில் சுற்றிக்கொண்டு அறுந்துபோகும். தண்ணீர் பட்டதும் சத்தம் கொடுக்கும் அளவு நாடா கடையில் கிடைக்கிறது. இரண்டு கம்பி ஒயர், 9 வோல்ட் பேட்டரி, ஒரு பஸ்ஸர் இருந்தால் எலக்ட்ரீஷியனே செய்து தந்துவிடுவார். மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு மார்க்கர் மையால் எண் எழுதிக்கொள்ளலாம். மேலே எங்கோ வெடிப்பிலிருந்து வழியும் தண்ணீர் பட்டும் சத்தம் வரும் என்பதால், கொஞ்சம் மேலே இழுத்து மீண்டும் இறக்கி, மூன்று முறையும் ஒரே அளவு வந்தால் எழுதுங்கள்.

ராமேஸ்வரம் மனை: அதே கருவி, வேறு கேள்வி

பாம்பன் தீவில் நல்ல தண்ணீர், மணலில் இறங்கிய மழைநீர். அது கடல்நீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீர் இலேசு, கடல்நீர் கனம்; அந்த வித்தியாசம் 40-இல் ஒரு பங்கு. அதனால் நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் இருந்தால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் வரை நல்ல நீர் நிற்கும். தீவில் மேடு குறைவு. மட்டம் பல இடங்களில் அரை மீட்டர், கால் மீட்டர்தான். அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் ஆபத்து புரியும்: மோட்டார் ஓடி நீர்மட்டம் 10 சென்டிமீட்டர் இறங்கியபடியே நின்றால், கீழே உப்புநீர் காலப்போக்கில் 4 மீட்டர் மேலேறும். கிணற்றுக்கு நேர் கீழே அது கூம்பாக எழும்பி மோட்டாரை எட்டும். எட்டிய பிறகு மோட்டாரை நிறுத்தினாலும், ஏறிய உப்பு இறங்கிப்போக மழைக்காலங்கள் பல ஆகலாம்.

இதனால் செட்டிநாட்டில் பழகிய சர்வேயரைத் தீவுக்கு அழைத்துப் போகும்போது முதலில் அவரது கேள்வியை மாற்ற வேண்டும். ‘எங்கே தண்ணீர்’ என்பது அங்கே கேள்வி இல்லை. மணலில் கையால் குழி பறித்தே தனுஷ்கோடி மீனவர்கள் குடிதண்ணீர் எடுக்கிறார்கள். உப்பு எத்தனை மீட்டரில் தொடங்குகிறது, நல்ல அடுக்கின் தடிமன் எவ்வளவு, ஆண்டுக்கு எவ்வளவு மழை அதில் சேர்கிறது என்பவைதான் கேள்வி. ஆழத்துக்குப் போகத் தேவையே இல்லை என்பதால் 100 மீட்டர் நீளக் கோடு போதும், சுமார் 20 மீட்டர் ஆழம் பார்த்துவிடலாம். காய்ந்த மேல்மணல் நூறுகளில், சில இடத்தில் ஆயிரத்துக்கு மேல் காட்டும். நல்ல தண்ணீர் அடுக்கில் பத்துகளுக்கு இறங்கும். உப்பு தொட்டதும் கோடு சடாரென விழுந்து 5-க்குக் கீழே போகும். அந்த விழுகிற இடம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்குகிற தகவல். புரட்டாசியில், மழைக்கு முன், ஒரு முறையும், தையில் ஒரு முறையும் எடுத்தால் அடுக்கு எவ்வளவு மெலிகிறது என்று தெரியும். ஒரு முறை மட்டும் என்றால் புரட்டாசியைத் தேர்ந்தெடுங்கள். மோசமான காலத்து அளவை வைத்துத்தான் மோட்டார் வாங்க வேண்டும்.

சர்வே முடிவை உறுதிசெய்ய 3, 6, 9 மீட்டர் ஆழத்தில் மூன்று தனித்தனிக் குழாய்களை அருகருகே இறக்கி, ஒவ்வொன்றின் அடி அரை மீட்டரில் மட்டும் துளை வைத்து, தண்ணீரை எடுத்து அளக்க வேண்டும். ஒரே குழாயில் மேலிருந்து கீழ்வரை துளை வைத்தால் எல்லாம் கலந்து அளவு பொய்யாகும். அலை ஏறி இறங்குவது நீர்மட்டத்தையும் அசைக்கும் என்பதால் ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்கு, 13 மணி நேரம், மணிக்கொருமுறை அளந்து சராசரி எடுக்க வேண்டும். தீவில் சர்வே செய்கிற பலர் விடும் படி இதுதான். ஒருமுறை அளந்து போனவர் ஏற்றத்தில் அளந்தாரா இறக்கத்தில் அளந்தாரா என்று தெரியாது. நீர்மட்டத்தில் ஐந்து சென்டிமீட்டர் தவறு அடியில் இரண்டு மீட்டர் தவறாகும்.

எவ்வளவு எடுக்கலாம் என்ற கணக்கை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். ஒரு ஏக்கர் மனை, ஆண்டுக்கு 900 மி.மீ. மழை, அதில் ஐந்தில் ஒரு பங்கு கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால் சுமார் 7,28,000 லிட்டர். அத்தனையையும் எடுக்க முடியாது. உப்பை அழுத்தி வைக்கவே பெரும்பகுதி உள்ளே இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் நாளைக்கு 660 லிட்டர். 30 அறை, அறைக்கு இரண்டு பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்றால் விடுதிக்குத் தேவை 8,100 லிட்டர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் அங்கே ஆழ்துளை போட நினைக்கமாட்டார். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் கிணறு, மற்றதற்குக் குழாய்நீரும் மழைநீர்த் தொட்டியும் என்று பிரித்துத் திட்டமிடுவார்.

எடுக்கும் முறையும் முக்கியம். ஒரு பெரிய மோட்டாருக்குப் பதில் தள்ளித் தள்ளி மூன்று நான்கு ஆழமற்ற கிணறுகள், ஒவ்வொன்றிலும் சின்ன மோட்டார், சிறிது நேர ஓட்டம். இன்னும் நல்லது கிடைமட்டச் சேகரிப்புக் குழாய்: கோடைக் கடைசி நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே, 4 இஞ்ச் துளைக் குழாய் 20 முதல் 30 மீட்டர் நீளத்துக்குப் படுக்கவைத்து, நைலான் வலை சுற்றி, சுற்றிலும் சல்லி போட்டு, நடுவே ஒரு உறைக்கிணற்றில் சேர்ப்பது. மேல்தோலை மட்டும் வழித்தெடுப்பதால் மட்டம் ஓரிடத்தில் குழியாக இறங்காது. இதை வடிவமைத்துக் கொடுக்கும் சேவை கிடைத்தால் கூடுதல் பணம் கொடுக்கத் தயங்க வேண்டாம். அறிக்கையில் ‘150 அடி போர்’ என்று பரிந்துரை வந்தால், அந்த ஆள் தீவை அறியாதவர்.

டி.டி.எஸ். பேனா

சர்வேயர் கூடவே கொண்டுவந்து விற்கும் பேனா மீட்டர் பற்றி ஒரு வார்த்தை. விலை சில நூறு ரூபாய்தான்; வாங்கி வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது அளப்பது உப்பை அல்ல, மின்கடத்தலை. அதை ஒரு எண்ணால் பெருக்கி டி.டி.எஸ். (நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) என்று காட்டுகிறது. சில பேனாவில் பெருக்கும் எண் 0.5, சிலவற்றில் 0.7. ஒரே தண்ணீர் ஒன்றில் 700 என்றும் மற்றதில் 980 என்றும் காட்டும், இரண்டும் பழுதில்லை. ஆகவே மின்கடத்தலை மைக்ரோசீமன்ஸில் நேராகக் காட்டும் பேனாவை வாங்குங்கள். 1,413 மைக்ரோசீமன்ஸ் சரிபார்ப்புக் கரைசல் சிறு பாட்டிலில் கிடைக்கும். மாதம் ஒருமுறை அதில் முக்கிச் சரிசெய்ய வேண்டும். முனையில் உப்புப் படிந்தால் அளவு குறைத்துக் காட்டும். காடியில் சற்று ஊறவைத்துக் கழுவினால் தெளியும். பெரும்பாலான மலிவுப் பேனாக்கள் 9,990 பி.பி.எம். வரைதான், கடல்நீரில் முக்கினால் பயனில்லை.

தீவில் இந்தப் பேனா அபாய மணி அடிக்கும். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு, அதில் 19 கிராம் குளோரைடு. கிணற்றுத் தண்ணீரில் நூற்றுக்கு இரண்டு பங்கு கடல்நீர் கலந்தாலே லிட்டருக்கு டி.டி.எஸ். 700 மில்லிகிராம் ஏறும், குளோரைடு 380 மில்லிகிராம் ஏறும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை விரும்பத்தக்க அளவாகக் குளோரைடுக்கு 250 மில்லிகிராமும், டி.டி.எஸ்.ஸுக்கு 500 மில்லிகிராமும் வைத்திருக்கிறது. நாக்குக்குத் தெரிவதற்கு முன் பேனாவில் தெரியும். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், மோட்டார் பத்து நிமிடம் ஓடிய பிறகு அளந்து சுவரில் ஒட்டிய தாளில் எழுதி வையுங்கள். மூன்று வாரம் தொடர்ந்து ஏறினால் ஓட்டும் நேரத்தைப் பாதியாக்குங்கள்.

பேனா ஃப்ளோரைடையும் நைட்ரேட்டையும் காட்டாது. பாறைப்பகுதி ஆழ்துளைகளில் ஃப்ளோரைடு, கழிவறைக்குப் பக்கத்துக் கிணறுகளில் நைட்ரேட் என்று இரண்டையும் பரிசோதனைச் சாலையில்தான் பார்க்க வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைச் சாலைக்குக் கொடுத்தால் போதுமானது. பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் விளிம்புவரை நிரப்பி, அன்றே கொண்டுபோங்கள். கிருமிப் பரிசோதனைக்குத் தனிச் சுத்தப்பாட்டிலும் ஐஸ் பெட்டியும் வேண்டும்.

அறிக்கையில் இல்லாமல் போகும் பக்கம்

பாதுகாப்பு பற்றி ஒரு வரிகூட இல்லாத அறிக்கைகளே அதிகம். இந்தச் சேவையில் பெரிய குறை இது. கழிவுநீர் உறிஞ்சு குழி, குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தரநிலை. ஒரு குடும்பம் இருந்த வீட்டை விடுதியாக்கி, அறைக்கு ஒரு கழிவறை கட்டியிருக்கும் ஊர்களில் இந்தத் தூரத்தை டேப் வைத்து அளந்தே சொல்ல வேண்டும். தீவின் மணலில் 18 மீட்டரும் போதாது. கழிவைத் தொட்டியில் சேர்த்து லாரியில் எடுத்துப்போவதே நல்லது. ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் உவர்நீரையும் கிணற்றடியில் விடாதீர்கள். விட்டால் சுற்றிச் சுற்றி அதே உப்பு திரும்பி வரும்.

செட்டிநாட்டு வீட்டின் கூரையும் தளமும் சேர்த்து 500 சதுர மீட்டர் இருந்தால், ஆண்டு மழை 900 மி.மீ.யில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 3,60,000 லிட்டர் கிடைக்கும். முற்றத்துத் தண்ணீரை முதல் மழை பத்து நிமிடம் வெளியே விட்டு, பிறகு வடிகட்டி வீட்டுக் கிணற்றில் இறக்குங்கள். கீழே 40 மி.மீ. ஜல்லி, நடுவே சிறு ஜல்லி, மேலே ஆற்றுமணல், ஒவ்வொன்றும் ஒரு அடி. மேல்மணலை ஆண்டுக்கு ஒருமுறை வாரிக் கழுவாவிட்டால் மூன்றாம் ஆண்டு தண்ணீர் இறங்காது. தெருச் சாக்கடையை எக்காரணத்துக்கும் இதில் சேர்க்காதீர்கள்.

ஊருணிக்கு வேறு விதி. குடிநீர் ஊருணியின் அடியில் படிந்திருக்கும் களிமண்தான் தண்ணீரைத் தாங்குகிறது. ஜே.சி.பி.யை விட்டு ஆழமாகத் தோண்டிச் செம்பாறாங்கல் தெரிய விட்டால், மார்கழியில் நிரம்பியது மாசியில் இருக்காது. வண்டலை மட்டும் வழித்தெடுங்கள், வரத்துக்காலைத் திறந்து வையுங்கள்.

பயன்படாத பழைய போரை மூடுவதும் இந்தச் சேவைக்குள் வர வேண்டும். உச்ச நீதிமன்றம் 2010-ல் கொடுத்த வழிமுறைப்படி, போர் போடுவதற்கு 15 நாள் முன் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்; குழாயைச் சுற்றி 50 செ.மீ. நீள அகலத்தில், தரைக்கு மேல் 30 செ.மீ., கீழே 30 செ.மீ. கான்கிரீட் மேடை கட்ட வேண்டும். கைவிட்ட போரை அடிவரை மண், மணல், கல் கொண்டு நிரப்ப வேண்டும். திறந்து கிடக்கும் துளை குழந்தைகளுக்கு ஆபத்து. மழைக்காலத்தில் தெருத்தண்ணீர் நேரே நிலத்தடி நீரில் விழவும் அதுதான் வழி.

பணம் கொடுக்கும் முறை

சர்வேயரை ஏற்பாடு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்: கோட்டின் நீளமும் திசையும், ஒவ்வொரு விலக்கத்துக்கும் அளந்த எண்ணின் பட்டியல், அடுக்கு வாரியாகத் தடிமனும் மின்தடையும், சுற்றிலும் உள்ள ஐந்து கிணறுகளின் நீர்மட்டமும் மின்கடத்தலும், நாளொன்றுக்கு எடுக்கத்தக்க அளவு. பேசிய தொகையில் நான்கில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, போர் போட்ட பிறகு, பத்தடிக்கு ஒரு பிடி வீதம் வரிசையாகக் கொட்டிவைத்த மண்ணை அவர் வந்து தன் அறிக்கையோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட்டதும் கொடுங்கள். இதற்கு ஒப்புக்கொள்ளும் சர்வேயர்கள் குறைவு. ஒப்புக்கொள்கிறவர் கூடுதலாகக் கேட்டாலும் அவரிடமே வேலையைக் கொடுங்கள்.